துணிக்குப் பின்னால் பார்த்த சினிமா

ஈப்போவில் அந்தப் புதுச் சினிமாக் கொட்டகை திறந்தபோது, முதல் நாள், முதல் ஆட்டம், முதல் வகுப்பு நாற்காலியில், துரைமார்களோடு தோள் உரச உட்கார்ந்து படம் பார்த்தவன் நான்.

பொய். கொட்டகை திறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். நாற்காலி இல்லை, பலகை. துரைமார்கள் இருந்தார்கள், அது மட்டும் உண்மை. ஆனால் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் துணி தொங்கியது. அந்தத் துணியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

படத்தில் யாரும் வாய் திறந்து பேசாத காலம் அது. நான் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டினேன் என்று நான் சொல்வேன். கங்காணியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். ஏனென்றால் நான் பிறவியிலேயே நொட்டாங்கை, இடது கைக்காரன். ரப்பர் மரத்தில் போடுகிற கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். மற்றவர்கள் வலது கையால் கத்தியை இழுத்தால் அது வெண்ணெயில் போகிற மாதிரி போகும். நான் மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய், முதுகை வளைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தால், பாலுக்கு முன்னால் பட்டை வரும்.

"ஏன்டா, ஒன் நிரையில இருக்கிற மரமெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்பார் கங்காணி. "தொரைக்கு வெட்டுறியா, மாரியாத்தாளுக்கு வெட்டுறியா?"

கங்காணி ஏசுவார், மறுநாள் மறந்துவிடுவார். மறக்காத ஆள் ஒருவர் இருந்தார். எங்கள் லயத்தின், அதாவது கூலி வீட்டு வரிசையின், கடைசி வீட்டில் ஓர் அத்தை. ரத்த சொந்தம் இல்லை. கப்பல் ஏறுவதற்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து ஊர், அந்த முறைக்கு அத்தை. புருஷன் இல்லை. புல்லு வெட்டுகிற கூட்டத்தில் வேலை. அவருக்கு ஒரு மகள். அந்த மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மகளுக்கும் என்மேல் வெறுப்பில்லை என்றுதான் எனக்குப் பட்டது. என்னைப் பார்த்தால் சிரிப்பாள். என்னைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது என்பது வேறு விஷயம்.

பெண் கேட்கப் போன அன்று நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். காப்பியை வலது கையால் வாங்கினேன். மூக்கு அரித்தது, சொறியவில்லை. அத்தை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூஞ்சிக்கு நேராக வீசினார். டப்பென்று பிடித்தேன். நல்ல பிடி. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் பிடித்த கையைப் பார்த்தேன்.

"நெனச்சேன்" என்றார் அத்தை. "சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாத பய. எம் மக கழுத்துல எந்தக் கையால தாலி கட்டுவ?"

"ரெண்டு கையாலயும்தானே கட்டணும், அத்தே?"

"எந்தக் கை முன்னால வரும்?"

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தாப்பாவில் சொந்தமாக மாட்டுவண்டி வைத்திருந்த ஒருவர் அதே பெண்ணைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு கையும் ஒழுங்கான மாப்பிள்ளை. அந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்வதாக அத்தை சொல்லியிருந்தார்.

இந்த நிலையில் புத்தியுள்ளவன் வலது கையால் வேலை செய்யப் பழகுவான். நான், ஈப்போக் கொட்டகையில் துரைமார்களோடு உட்கார்ந்து சினிமா பார்த்தேன் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். துரைமாரோடு பழகுகிறவன் என்று பெயர் வந்துவிட்டால் கையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கணக்கு. செய்தி கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அப்படியா?" என்றார் அத்தை. "அப்போ இந்த ஞாயித்துக்கெழம எங்களையும் கூட்டிட்டுப் போ. ஒன் தொரைமாருங்களை நானும் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குப் புறப்பட்டோம். நான், அத்தை, மகள். ரோட்டுக்கு நடந்து வந்து மோட்டார் பஸ் ஏறினோம். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினார். அத்தை அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மாடு வந்தால் மாடு, கோழி வந்தால் கோழி என்று வழி முழுக்க அவர் முதுகுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேண்டியிருக்கும்.

கொட்டகை வாசலில் பகலிலேயே விளக்கு எரிந்தது. வந்து பழகினவன் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு படியேறினேன். சீட்டுக் கொடுக்கிற சீனர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே பார்த்ததும் செருப்பில்லாத காலைப் பார்த்திருக்க வேண்டும். "பிலாக்காங்! பிலாக்காங்!" என்று பின்பக்கம் கையைக் காட்டினார்.

"என்ன சொல்றான்?" என்றார் அத்தை.

"பின்னால நமக்குன்னு தனி வாசல் வச்சிருக்காங்களாம்."

தனி வாசல் சாக்கடையைத் தாண்டி இருந்தது. உள்ளே போனால் பலகை பலகையாகப் போட்டு, நம் ஆட்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அந்த வெள்ளைத் துணி. அதற்கு அந்தப் பக்கம்தான் துரைமார், ஆபீஸ் கிராணிமார், மின்சார விசிறி, பியானோ எல்லாம். படம் காட்டுகிற இயந்திரமும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்குப் போட்ட படத்தில் துணியை ஊடுருவி வந்ததை நாங்கள் மலிவு விலைக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் வாளியும் மூங்கில் பீச்சாங்குழலும் எடுத்து வந்து, மேலிருந்து கீழ்வரை துணியை நனைத்தார்.

"என்னடா இது? சினிமான்னு சொல்லிட்டுத் துணி தொவைக்கிறாங்க?"

"அழுக்குத் துணியில படம் ஒட்டாது, அத்தே."

துணி நனைந்தால்தான் படம் பின்பக்கம் தெளிவாகத் தெரியும் என்பதைப் பல நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே இருந்த யாருக்குமே தெரியாதுதான். ஆனால் அவர்கள் தெரியாமல் சும்மா இருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. எங்கள் பலகையில் நான் ஓரத்தில், அத்தை நடுவில் மதில் மாதிரி, மகள் அந்தப் பக்கம். துணியில் எழுத்து ஓடியது. பக்கத்துப் பலகைக்காரர் என் காதைக் கடித்தார்.

"அண்ணே, என்ன போட்டிருக்கு?"

"கதை ஆரம்பம்னு போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுத்து. "இப்ப என்ன போட்டிருக்கு?"

"ஆரம்பிச்ச கதை நடக்குதுன்னு போட்டிருக்கு."

இங்கிலீஷ் படித்தவர்களுக்கே எங்கள் பக்கத்திலிருந்து அது திருப்பிப் போட்ட எழுத்து. எனக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் வந்துவிட்டேன்.

படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரிய வீடு. அழகான வாலிபன் ஒருவன் மேசையில் உட்கார்ந்து முள்ளுக் கரண்டியால் இறைச்சியைக் குத்தி வாயில் போட்டான்.

"ஐயையோ!" என்றார் அத்தை. "இந்தப் பய பீச்சாங்கையால திங்கிறானே!"

இவ்வளவு தூரம் அழைத்து வந்து, முதல் காரியமாக இதையா காட்ட வேண்டும்? ஆனால் அடுத்து வீட்டுக்கார அம்மா கரண்டியை எடுத்தாள். இடது கை. அப்பா எடுத்தார். இடது கை. வாலிபன் கடிதம் எழுதினான், இடது கை. வந்தவரோடு கை குலுக்கினான், இரண்டு பேருக்கும் இடது கை. மீசை வைத்த ஒரு கெட்டவன் வந்து துப்பாக்கியை உருவினான். அவனும் இடது கை.

நான் மெல்ல மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து நான் தனி ஆள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்றாலும் தனி, பந்தியில் உட்கார்ந்தாலும் தனி. பக்கத்தில் இருக்கிறவர் முழங்கை என் முழங்கையில் இடித்து என்னை முறைப்பார். இதோ ஒரு நாடு முழுக்க என்னைப் போலவே. கேலிக்காகச் சொல்லவில்லை, எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

"பாத்தீங்களா, அத்தே? தொரைமாரெல்லாம் எந்தக் கைன்னு?"

அத்தை படத்தைப் பார்த்தார். மடியில் கிடந்த என் கையைப் பார்த்தார்.

"மீசைக்காரக் கெட்டவனும் அதே கைதானே?"

"அவனும் கெட்டிக்காரன்தானே, அத்தே?"

"ம்" என்றார். அந்த 'ம்' பழைய 'ம்' மாதிரி இல்லை. அதில் கொஞ்சம் இடம் இருந்தது. கெட்டவன் ஒரு பெண்ணைத் தூக்கி மோட்டாரில் போட்டுக்கொண்டு ஓட்டினான். ஓட்டுகிறவன் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான். எங்கள் பஸ் டிரைவர் மாதிரியே.

அத்தை எழுந்து நின்று கெட்டவனை ஏசத் தொடங்கினார். மதில் எழுந்ததும் மகள் இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"படத்துல, செவத்துல மாட்டியிருந்த கடிகாரத்தைப் பாத்தீங்களா?"

"ஏன்?"

"முள்ளு பின்பக்கமா சுத்துது. ஆபீஸ் கடிகாரம் அப்படிச் சுத்தாது. நாமதான் தப்பான பக்கம் உக்காந்திருக்கோம்."

என் நாடு இரண்டே நிமிடத்தில் கையை விட்டுப் போய்விட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடுவியா?"

"தாப்பாவுக்கு மாட்டுவண்டியில போக எனக்கு ஆசை இல்ல" என்று சொல்லிவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குக் கிடைத்த சம்மதம் அதுதான். நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் நடுவில் இடைவேளைக்கு விளக்குப் போட்டு, எல்லாரும் வெளியே வந்தபோது, ஐஸ் தண்ணீர்க் கடையில் எங்கள் தோட்டத்துக் கிராணி நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸ் கணக்கில் எங்கள் பேரைப் போடுகிறவர். மூக்குக் கண்ணாடி, கோட்டு, கையில் குடை. அத்தை நேராக அவரிடம் போனார்.

"கும்பிடுறேன், ஐயா. ஒரு சந்தேகம். வெள்ளைக்காரவுங்கெல்லாம் நொட்டாங்கையாமே? நாங்களும் பாத்தோம்."

"ஆர் சொன்னது?"

அத்தை என்னைக் காட்டினார். கிராணி என்னைப் பார்த்த பார்வையில் என் நிரையின் மரங்கள் எல்லாம் தெரிந்தன.

"விசர்க் கதை! நீங்கள் திரைக்குப் பின்னால இருந்து பாக்கிறியள். அதுதான் எல்லாம் மாறித் தெரியுது. அவன் சாப்பிட்டது வலக்கையால."

"நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், ஐயா."

"நானும்தான் பாத்தனான்."

"நீங்க கண்ணாடி வழியா பாத்தீங்க." அத்தை இடுப்பில் கை வைத்தார். புல்லு வெட்டுக் கூட்டத்தில் அவர் இடுப்பில் கை வைத்தால் கங்காணியே ஒதுங்கிப் போவார். "சரி, ஒண்ணு கேக்குறேன். அந்தக் கெட்டவன் மோட்டாரு ஓட்டினானே, எந்தப் பக்கம் உக்காந்து ஓட்டினான்?"

"இடப்பக்கம்."

"எங்களுக்கு வலப்பக்கம். ஈப்போ ரோட்டுல எந்த டிரைவரு இடப்பக்கம் உக்காந்து ஓட்டுறான்? நான் இன்னிக்கு டிரைவரு பின்னாலயே உக்காந்து வந்தவ. ஒங்க பக்கம்தான் ஐயா மாறியிருக்கு. காசை அள்ளிக் குடுத்து மாத்திப் பாக்குறீங்க."

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அந்தக் கேள்விக்கு எந்த ஆபீஸ் புத்தகத்திலும் பதில் இல்லை. நான் அத்தையின் காலில் விழலாமா என்று யோசித்தேன். இனி எல்லாம் என் பக்கம்.

ஆனால் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம், தோற்றதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிராணி குடையால் தரையைத் தட்டினார். "இஞ்ச வாங்கோ ரெண்டு பேரும். அந்தப் பக்கம் வந்து இருந்து பாருங்கோ." வாசல்காரர் அவருக்குத் தெரிந்தவர். அத்தையும் மகளும் முன்வாசல் வழியாகப் படியேறிப் போனார்கள். மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பிலாக்காங்!" என்றார் சீனர்.

மீதிப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக் கூடாது, துணியைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் அத்தை உட்கார்ந்திருக்கிறார். வாலிபன் என் பக்கம் இடது கையால் கெட்டவனை அடித்தான். அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் பியானோவுக்கு மேலே கேட்டது.

"ஐயையோ, மாறிப் போச்சே!"

யாரோ துரை "உஷ்" என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அத்தை ஏசினால் பயமில்லை, அது பழக்கம். பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். தாப்பாவிலிருந்து மாட்டு மணிச் சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. கடைசியில் கோயில் மாதிரி ஓர் இடத்தில் கல்யாணம். வாலிபன் இடது கையால் மோதிரத்தை எடுத்துப் பெண்ணுக்குப் போட்டான். என் பலகையில் எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எந்தக் கையால் எந்தக் கையைத் தட்டுவது?

வெளியே வந்தேன். கிராணி ஜெயித்த முகத்தோடு நின்றார்.

"பாத்தியோ? எந்தக் கை?"

"சோத்தாங்கைதான், ஐயா" என்றார் அத்தை. குரலில் காரம் இல்லை. "ஒங்க பக்கம் சோத்தாங்கைதான்."

என்னை ஒரு முறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாழ்க்கையில் எனக்கு அடிக்கடி தோன்றாத விஷயம் அது.

"அத்தே, நான் இதுக்கு முன்னால இங்க வந்ததே இல்ல. தொரையும் இல்ல, நாற்காலியும் இல்ல. பொய் சொன்னேன். கை மட்டும் பொய் இல்ல. அது இப்படித்தான்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. "வாசல்ல அவன் வெரட்டினப்பவே தெரியும்."

"அம்மா," என்றாள் மகள், "மோதிரம் போட்டானே, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே ஆளுதானே?"

"ஆளு அதே ஆளுதான்."

"பொண்ணு?"

"பொண்ணும் அதே பொண்ணுதான். ரெண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறா, ஒன்னை மாதிரி." அத்தை முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். பஸ் நிறுத்தும் இடத்துக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார். கிராணியும் குடையை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அத்தை என் பக்கம் திரும்பினார்.

"தாப்பாக்காரருக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுறேன். தாலி கட்டுறப்ப நான் பின்பக்கம் உக்காந்துக்கிறேன். துணிக்குப் பின்னால இருந்து பாத்தா இவனும் சோத்தாங்கைதானே?"

"திரையில காட்டினால்தான் அப்பிடி மாறும்," என்றார் கிராணி, தாங்க முடியாமல். "ஆளைப் பின்னால இருந்து பாத்தால் மாறாது!"

"ஐயா, நீங்க படிச்சவுங்க. ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது."

அத்தை நிஜமாகவே அப்படி நம்பினாரா, இல்லை மகள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு வழி விட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அத்தை சொன்ன சொல் மாறவில்லை. மணவறைக்குப் பின்னால் இரண்டு வேட்டியை ஒன்றாகத் தைத்துக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு பலகை போடச் சொன்னார். போட்டார்கள். முகூர்த்த நேரம் வந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு வந்து, மேளக்காரர்மேல் தெறிக்கத் தெறிக்க அந்த வேட்டியை நனைத்தார். பூசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்திருந்தவர்களுக்கும் விளங்கவில்லை. மணப்பெண் குனிந்த தலைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கினாள். அத்தை பின்னால் போய் உட்கார்ந்து, "ம், கட்டச் சொல்லுங்க!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. நான் தாலியை எடுத்தேன். எந்தக் கை முன்னால் வந்தது என்றால்...

"மாப்பிள்ளே! மழ வருது லா! கொடியில துணியெல்லாம் நனையுது. எந்தக் கையா இருந்தாலும் சரி, வந்து எடுங்க!"

அத்தைதான். இத்தனை வருஷம் கழித்தும் அதே குரல்.

"வாரேன், அத்தே!"